இருபது ஆண்டு படுக்கை, இரண்டு குரல்கள்: டோனாவூர் அம்மாவைப் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கடும் நோயில் படுத்திருக்கும் ஒரு விசுவாசிக்கு வரும் கெட்ட எண்ணங்கள் எல்லாமே நோயிலிருந்து வருவதில்லை. பலவற்றைப் பார்க்க வருகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். "விசுவாசம் மட்டும் இருந்தா போதும், எழும்பிடுவீங்க." "அறிக்கை பண்ணாத பாவம் ஏதாவது இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க." "ஆண்டவர் உங்களுக்கு ஏதோ பாடம் கத்துக்கொடுக்கிறார்." ஜெபித்து முடித்து, பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கி வலி திரும்பும்போது, அந்த வாக்கியங்களோடு விழித்துக் கிடப்பது நோயாளிதான்.

அப்படி நெடுங்காலம் கிடந்த ஒருவரைப் பற்றியது இந்த ஆய்வு. பெயர் ஏமி கார்மைக்கேல். திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அவர் நடத்திய இல்லத்தின் பிள்ளைகளுக்கு அவர் 'அம்மா'. 1931-ல் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்றிலிருந்து 1951 ஜனவரி 18-ல் இறக்கும்வரை வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரே அறையில் வலியோடு கழிந்தது. அவரைப் பெரிய மிஷனரி என்று நம் சபைகளில் எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பெருமைக்காக அவரை இங்கே எடுக்கவில்லை. படுக்கையில் தன் மனதுக்குள் என்ன நடந்தது என்பதை அவர் எழுதி வைத்தார். நோயில் அலைக்கழியும் மனதைப் பற்றி இவ்வளவு விரிவாக, இவ்வளவு காலம், அதுவும் திருநெல்வேலி மண்ணில் இருந்து எழுதியவர்கள் மிகக் குறைவு.

என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் கெட்ட எண்ணங்களை விரட்டப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் பேசவிட்டுக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்தார். அந்தப் பதில்களை அவர் "நீ குணமாகிவிடுவாய்" என்ற உறுதியின்மேல் கட்டவில்லை. அதனால்தான் அவை இத்தனை ஆண்டுகள் தாங்கின.

பின்னணி

பிறந்தது அயர்லாந்தின் வடபகுதியில் மில்ஐல் என்ற கடலோரக் கிராமம், 1867 டிசம்பர் 16. பதினேழு வயதில் அப்பா இறந்தார். பெல்ஃபாஸ்டில் மில் வேலைக்குப் போகும் ஏழைப் பெண்கள் நடுவே ஊழியம் செய்தார். 1893-ல் ஜப்பானுக்குப் போனார், உடம்பு ஒத்துழைக்காமல் திரும்பினார். 1895-ல் இந்தியா வந்தவர் அதன் பிறகு ஒருமுறைகூடச் சொந்த ஊருக்கு விடுமுறையில் போகவில்லை. தமிழ் கற்று, திருநெல்வேலிச் சீமையில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். 1901-ல் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஒரு சிறுமி தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள். அதிலிருந்துதான் டோனாவூரின் பிள்ளைகள் இல்லம் வளர்ந்தது.

உடல்நிலையைப் பொறுத்தவரை அவர் ஒருபோதும் திடமானவர் அல்ல. நரம்பு வலி இளமையிலிருந்தே உண்டு. ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தவர். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடியே பழகியவர் படுக்கையில் விழுந்தால், "இனி நான் எதற்கு?" என்ற எண்ணம் மற்றவர்களைவிடக் கடுமையாகத் தாக்கும்.

விழுந்தது

களக்காட்டில் மருத்துவப் பணிக்காக ஒரு வீடு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்க ஒரு மாலை அம்மா போனார். பொழுது சாய்ந்துவிட்டது. கழிப்பறைக்காகக் குழி தோண்டியவர்கள், தோண்டக்கூடாத இடத்தில் தோண்டி வைத்திருந்தார்கள். அரையிருட்டில் அவர் அதற்குள் விழுந்தார். கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது. வயது அறுபத்து மூன்று.

சில வாரங்களில் நடந்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். வாரம் மாதமானது, மாதம் வருடமானது. மூட்டு வலி, நரம்பு வலி, தூக்கமின்மை என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன. 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். அதற்குப் பிறகு நடமாட்டம் என்பதே இல்லாமல் போயிற்று.

இந்த விபத்தைச் சொல்லும்போது பலரும் ஒன்றைச் சேர்த்துச் சொல்வார்கள்: உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய உதவும் எதையும் எனக்குச் செய்யும் என்று அவர் அந்நாளில் ஜெபித்திருந்தாராம். வாழ்க்கை வரலாறுகளில் இது இருக்கிறது. பிரசங்கத்தில் கேட்க நன்றாகவும் இருக்கும். நோயாளியின் காதில் அது விழும் விதமே வேறு: "ஜெபித்தார், தேவன் குழியில் தள்ளினார்." அப்படிப் புரிந்துகொண்டவர் அடுத்த முறை ஜெபிக்கவே பயப்படுவார். குழியைத் தவறான இடத்தில் தோண்டியவர்கள் மனிதர்கள். வெளிச்சம் போயிருந்தது. இந்தச் சாதாரண உண்மையைச் சொல்லித்தான் கதையை ஆரம்பிக்க வேண்டும்.

பொன்னம்மாளின் கட்டில்

அவர் மனம் தன் நோயை எப்படி எதிர்கொண்டது என்பதைப் புரிந்துகொள்ள, பதினாறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். பொன்னம்மாள் இளம் வயதிலேயே விதவையான தமிழ்க் கிறிஸ்தவப் பெண்; அம்மாவின் கூட்டாளி. டோனாவூரின் குழந்தைகளைத் தூக்கி வளர்த்தவர்களில் முதன்மையானவர். அவருக்குப் புற்றுநோய் வந்தது. அறுவை சிகிச்சை நடந்தது, மறுபடியும் நடந்தது. நோய் திரும்பி வந்தது.

யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தில் சொல்லியிருப்பதுபோல எண்ணெய் பூசி ஜெபிக்க முடிவு செய்தார்கள். கட்டிலைச் சுற்றிக் கூடினார்கள். வெற்றியின் அடையாளமாக ஒரு குருத்தோலையைக் கட்டிலின் குறுக்கே வைத்து ஜெபித்தார்கள். அந்த நாளிலிருந்து பொன்னம்மாளின் நிலை மோசமானது. வலி கூடிக்கொண்டே போய், 1915 ஆகஸ்டில் இறந்தார்.

இந்த அனுபவத்தை அம்மா மறைக்கவில்லை, எழுதினார். சுகம் கிடைத்தால் சாட்சி, கிடைக்காவிட்டால் மௌனம் என்பதுதான் பெரும்பாலும் நம் வழக்கம். சுகம் கிடைக்காத கட்டிலைப் பற்றிச் சாட்சிக் கூட்டத்தில் யாரும் எழுந்து பேசுவதில்லை. அதனால் குணமாகாமல் கிடக்கிறவர், உலகத்திலேயே தன் ஜெபம் மட்டும்தான் கேட்கப்படவில்லை என்று நினைத்துக்கொள்கிறார். அம்மாவுக்கு அந்த எண்ணம் வர வழியில்லை. தன்னைவிடத் தாழ்மையான, தன்னைவிட அன்பான ஒருத்தி, எல்லா ஜெபத்துக்கும் பிறகு வலியில் இறந்ததை அவர் கண்ணால் பார்த்திருந்தார். 1931-க்குப் பிறகு டோனாவூரே அவருக்காக ஜெபித்தபோது, ஜெபம் என்பது குணத்தை வாங்கும் காசு என்ற கணக்கு அவரிடம் இல்லை.

என்னென்ன எண்ணங்கள்

படுக்கையில் விழுந்து இரண்டு வருடத்துக்குள், 1933-ல், 'ரோஸ் ஃப்ரம் பிரையர்' என்ற சிறு நூல் வந்தது. நோயாளிகளுக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்கள் அவை. அதை எழுதத் தூண்டிய காரணத்தை அவரே சொல்கிறார். நோயுற்றவர்களுக்கான ஆறுதல் புத்தகங்களை நல்ல மனதுடன் பலர் அனுப்பினார்கள். வாசித்தார். ஒட்டவில்லை. அவை சுகமாக இருப்பவர்கள் நோயாளிகளுக்கு எழுதியவை. வலி எங்கே குத்துகிறது என்று எழுதியவருக்குத் தெரியவில்லை.

அவருடைய எழுத்துக்களில் திரும்பத் திரும்ப வரும் எண்ணங்கள் நமக்கும் தெரிந்தவைதான். நான் பிறருக்குப் பாரமாகிவிட்டேன். வேலை கிடக்கிறது, நான் படுத்திருக்கிறேன். இது எதுவரைக்கும்? இரவு ஏன் இவ்வளவு நீளம்? இதற்கு மேல் வெளியே நடந்தவையும் சேர்ந்தன. யுத்த காலத்தில் இத்தனை பிள்ளைகளுக்கும் சோறு போட்டாக வேண்டும். தனக்குப் பின் பொறுப்பை எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் நம்பியிருந்த வெப்-பெப்ளோ சகோதரர்களில் மருத்துவரான மரே 1947-ல் இங்கிலாந்து திரும்ப வேண்டியதாயிற்று. மற்றவரான காட்ஃப்ரி 1949-ல் இறந்தார். வயதானவர் படுக்கையில் உயிரோடிருக்க, ஓடியாடிய இளையவர் போய்விட்டார். "என்னை ஏன் வைத்திருக்கிறீர்?" என்று எந்த மனமும் கேட்கும் இடம் அது.

இரண்டு குரல்கள்

இந்த ஆய்வின் மையச் சான்று 1941-ல் வந்த ஒரு மெல்லிய புத்தகம்: 'ஹிஸ் தாட்ஸ் செட், ஹிஸ் ஃபாதர் செட்'. தலைப்பிலேயே அதன் அமைப்பு முழுவதும் இருக்கிறது. ஒரு மகன். அவன் எண்ணங்கள் ஒன்றைச் சொல்கின்றன. அவன் தகப்பன் பதில் சொல்கிறார். பிறகு அடுத்த எண்ணம், அடுத்த பதில். சிறு சிறு பத்திகள், எண் போட்டு. அவ்வளவுதான்.

எளிமையாகத் தெரியும் இந்த அமைப்புக்குள் மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, எண்ணம் வேறு, மகன் வேறு. பேசுவது அவன் எண்ணங்கள்தான். "நான் உபயோகமற்றவன்" என்று அவன் தீர்ப்பு எழுதவில்லை. "நீ உபயோகமற்றவன்" என்று எண்ணம் ஒன்று வந்து சொல்கிறது. இந்தச் சிறு இடைவெளி போதும், மனிதன் மூச்சு விட.

இரண்டாவதுதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது: எந்த எண்ணத்தையும் சொன்னதற்காக மகன் கண்டிக்கப்படுவதில்லை. சோர்வு, கசப்பு, பொறாமை, பயம் எல்லாம் தகப்பன் முன்னால் வருகின்றன. நம் வீடுகளில் நோயாளி "சாகணும் போல இருக்கு" என்றால், "அப்படிச் சொல்லாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று வாயை அடைத்துவிடுவோம். அடைத்த எண்ணம் எங்கேயும் போவதில்லை, உள்ளேதான் இருக்கிறது. வேதத்தில் 88-ஆம் சங்கீதம் ஆரம்பம் முதல் கடைசி வரை இருட்டு. முடியும்போதும் இருட்டில்தான் முடிகிறது. அதை யாரும் எடுத்துவிடவில்லை. 42-ஆம் சங்கீதக்காரன் தன் ஆத்துமாவையே எதிரில் உட்காரவைத்து, "நீ ஏன் கலங்குகிறாய்? ஏன் எனக்குள் தியங்குகிறாய்?" என்று கேட்கிறான். அதே பாட்டில் மறுபடியும் கேட்கிறான். ஒருமுறை கேட்டதில் கலக்கம் தீர்ந்துவிடவில்லை. அம்மா செய்தது இந்தப் பழைய வழக்கத்தின் தொடர்ச்சி.

மூன்றாவது, பதில் நீளமாக இல்லை. பெரும்பாலும் ஒரு வசனம், அதை ஒட்டி ஒரு வரி. வலியில் இருப்பவருக்கு ஒரு அதிகாரம் முழுவதையும் வாசிக்கத் தெம்பு இருக்காது. ஒரு வரியைப் பிடித்துக்கொள்ளலாம்.

எண்ணத்தைத் தாளில் எழுதி, எதிரே பதில் எழுதும் பயிற்சியை இன்று மனநல ஆலோசகர்கள் சொல்லித் தருகிறார்கள். ஆரன் பெக் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சை முறையை 1960-களில் உருவாக்கினார். அம்மாதான் முன்னோடி என்று கொடி பிடிக்க நான் இதைச் சொல்லவில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. பெக்கின் முறையில் நோயாளி தன் எண்ணத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று தானே சோதிக்கிறார். அம்மாவின் முறையில் பதில் வேறொருவரிடமிருந்து, தன்னை நேசிப்பவரிடமிருந்து வருகிறது. தன் மூளையையே நம்ப முடியாத இரவில் இந்த வித்தியாசம் பெரிது.

நான்கு அடைபட்ட வழிகள்

அவருடைய கவிதை ஒன்று, ஆங்கிலம் பேசும் சபைகளில் இன்றும் துக்க வீடுகளில் வாசிக்கப்படுகிறது. துயரத்தில் இருக்கும் ஒரு மனிதன் ஒவ்வொரு வழியாக முயன்று பார்க்கிறான். இறந்தவர்களின் முகங்களை மறந்துவிடுகிறேன் என்கிறான். மறதியில் சமாதானம் இல்லை. வேலைமேல் வேலையாகப் போட்டு நிரப்புகிறேன் என்கிறான், அதிலும் இல்லை. ஒதுங்கி, எதிலும் ஒட்டாமல் இருந்துவிடுகிறேன், அதிலும் இல்லை. சரி, தோற்றுவிட்டேன், அடங்கிப்போகிறேன் என்கிறான்; அதிலும் இல்லை. கடைசியாக, தேவன் நாளைக்குத் தன் மகனுக்கு விளக்கப்போகும் இந்தத் துக்கத்தை இன்று ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான். அங்கேதான் உள்ளேயிருந்த கொந்தளிப்பு அடங்குகிறது.

நான்காவதும் ஐந்தாவதும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். இரண்டு பேரும் புலம்பமாட்டார்கள், இரண்டு பேரும் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுவார்கள். ஆனால் அடங்கிப்போனவர் உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஏற்றுக்கொண்டவருக்கு எதிரில் இன்னும் ஒரு முகம் இருக்கிறது. "எல்லாம் அவர் சித்தம்" என்று நம் பெரியவர்கள் சொல்லும்போது எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று பக்கத்தில் இருப்பவர் கவனித்துக் கேட்க வேண்டும். பல நேரம் அது மனச்சோர்வின் பேச்சு.

அந்தக் கவிதையில் இன்னொன்றும் இருக்கிறது. விளக்கம் நாளைக்குத்தான். இன்று கையில் விளக்கம் இல்லை. பார்க்க வருகிறவர்கள் தவறுவது இங்கேதான்: நாளைக்குத் தேவன் சொல்லவேண்டியதை இன்றைக்கே இவர்கள் சொல்லப் பார்க்கிறார்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது.

கை செய்த வேலை

எண்ணங்களோடு இருபது ஆண்டுகள் வாதாடிக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. அம்மா எழுதினார். புத்தகங்கள் ஒரு பக்கம். அதைவிட, தினமும் யாருக்காவது ஒரு சிறு சீட்டு. சோர்ந்திருக்கும் நர்ஸுக்கு, பிறந்தநாள் பிள்ளைக்கு, கோபித்துக்கொண்டு போன சக ஊழியருக்கு. பிள்ளைகள் அறைக்கு வந்து போனார்கள். ஜன்னலுக்கு வெளியே பறவைகள். அவருக்கு அவை உயிர். பாரமாகிவிட்டேன் என்ற எண்ணத்துக்கு வசனத்தால் மட்டும் பதில் சொல்ல முடியாது. படுத்தபடி இன்னொருவருக்கு ஏதோ ஒன்று செய்ய முடிகிறது என்பதுதான் அதற்குச் சரியான பதில். நோயாளியிடம் "உங்களுக்காக ஜெபிக்கிறோம்" என்று மட்டும் சொல்லாமல், "எங்க பையனுக்குப் பரீட்சை, நீங்க ஜெபிங்க" என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும்.

விசுவாசமே எண்ணமாக மாறித் தாக்கும்போது

கிறிஸ்தவ நம்பிக்கை நோயாளிக்கு எப்போதும் நல்லதுதான் செய்யும் என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்டும் அவருடைய குழுவினரும் 2001-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 55 வயதும் அதற்கு மேலும் ஆன 596 பேரை எடுத்து, இரண்டு ஆண்டுகளில் என்ன ஆனது என்று பார்த்தார்கள். தேவன் என்னைக் கைவிட்டாரோ, என்மேல் அவருக்கு அன்பில்லையோ, இது பிசாசின் செயலோ என்று போராடியவர்களிடம் இறக்கும் அபாயம் 19 முதல் 28 சதவீதம் வரை அதிகமாக இருந்தது. உடல்நிலை, மனநிலை வேறுபாடுகளைக் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. ஆனாலும் "அறிக்கை பண்ணாத பாவம்" என்று படுக்கையருகில் சொல்வது எவ்வளவு ஆபத்தான காரியம் என்பதற்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றோர் செய்ததா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு இரண்டையும் மறுத்தார். யோவான் ஒன்பதாம் அதிகாரம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கிக்கப்படும் அதே பகுதி, மருத்துவமனை வார்டில் மறந்துபோகிறது.

எதை எடுத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது

ஒரு நோட்டில் இடது பக்கம் எண்ணம், வலது பக்கம் பதில் என்று எழுதும் பழக்கத்தை யாரும் ஆரம்பிக்கலாம். எழுத முடியாதவர் சொல்ல, மகளோ மருமகளோ எழுதலாம். "என்னால் வீட்டுக்குக் கடன்தான் மிச்சம்" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். எதிரே, "கடன் உண்மைதான். ஆனால் என் பிள்ளைகள் என்னைக் கடனாகப் பார்க்கவில்லை. நீரும் பார்க்கவில்லை" என்று எழுதலாம். உண்மையை மறுக்காத பதிலாக இருக்க வேண்டும். பொய்யான பதிலை இரவு இரண்டு மணி கண்டுபிடித்துவிடும்.

அம்மாவின் சகிப்பை அப்படியே எடுத்து நோயாளிக்கு அளவுகோலாக வைக்கக்கூடாது. "டோனாவூர் அம்மா இருபது வருஷம் பொறுத்தாங்களே" என்று சொன்னால், அவரும் ஆறுதல் புத்தகம் எழுதிய சுகவாசிகளின் பட்டியலில் சேர்ந்துவிடுவார். வலிக்கு மருந்து கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. கெத்செமனேயில் இயேசுவே, கூடுமானால் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டார். தூக்கம் போய், சாப்பாடு பிடிக்காமல், எதிலும் மனம் ஒட்டாமல் வாரக்கணக்கில் போனால் அது சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வாக இருக்கலாம். டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்கக்கூடாது. அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் இரவிலும் தமிழில் பேசலாம்.

அம்மாவிடம் இருந்த ஒன்று நம்மில் பலருக்கு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவரைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. டாக்டரும் நர்ஸும் கூப்பிடு தூரத்தில். இரவில் விழித்தால் ஆள் உண்டு. இரண்டு அறை வாடகை வீட்டில், ஒற்றை மகள் வேலைக்கும் போய் அம்மாவையும் பார்த்துக்கொள்ளும் இடத்தில், வெறும் விசுவாசத்தைப் பேசிப் பயனில்லை. அந்த வீட்டுக்குப் போகும் சபையார் வாரத்தில் ஓர் இரவு யாராவது துணைக்குப் படுக்கலாம், மகளைத் தூங்கவிடலாம். ஸ்கேனுக்குப் போகும் நாளில் வண்டியோடு வந்து நிற்கலாம். வாசிக்கச் சொன்னால் ஒரு சங்கீதம் வாசிக்கலாம். கேட்காவிட்டால் கஞ்சியை ஆற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.